ஊசி நுனி தெரிந்த பிறகுதான் மருந்து

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சுற்றிலும் சோளக் காடாக இருக்கும் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறேன். எங்கள் மருத்துவமனையில் மொத்தமே 25 படுக்கைகள்தான். கிரிட்டிகல் ஆக்சஸ் மருத்துவமனை என்று மத்திய அரசு வகைப்படுத்தியிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்த வகைக்கு 25 படுக்கைதான் உச்சவரம்பு. அறுவை சிகிச்சை நிபுணர் உண்டு, எலும்பு டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், மயக்க மருந்து டாக்டர் கிடையாது. அந்த வேலையை நானும் இன்னும் இரண்டு பேரும் முறை வைத்துப் பார்க்கிறோம். நாங்கள் மூவரும் சி.ஆர்.என்.ஏ., அதாவது மயக்க மருந்து கொடுப்பதற்கென்றே படித்து உரிமம் பெற்ற நர்ஸ்கள்.

திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்: "ஒம் மவ நர்ஸுதானே? மயக்க ஊசி டாக்டர்லா போடுவாவ?" நம் ஊரில் அது சரியான கேள்விதான். இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது டாக்டரின் வேலை. அமெரிக்காவில் இந்தத் தொழிலை 100 வருஷத்துக்கும் மேலாக நர்ஸ்களும் செய்துவருகிறார்கள். எங்கள் பக்கத்து மாநிலமான மினசோட்டாவில், மேயோ சகோதரர்களின் அறுவை அரங்கில் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மயக்கம் கொடுத்து, மயக்க மருந்தால் ஒரு சாவுகூட நேரவில்லை என்று 1906-ல் எழுதிவைத்திருக்கிறார். இன்று ஐசியுவில் குறைந்தது ஒரு வருஷம் வேலை பார்த்த பிறகே இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். 2022-லிருந்து புதிதாகச் சேர்பவர்கள் எல்லோரும் டாக்டரேட் பட்டத்துக்குத்தான் படிக்கிறார்கள். நான் அதற்கு முன்னாலேயே, முதுகலைப் பட்டத்தோடு 2016-ல் வெளியே வந்தவள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், படிப்பு முடிந்து தேசியத் தேர்வில் தேறியதும் ஒரு சி.ஆர்.என்.ஏ. எல்லா வகை மயக்கமும் கொடுக்கத் தகுதி பெற்றுவிடுகிறார். அதற்கு மேல், ஒரு பிரிவில் மட்டும் ஆழமாகப் பயிற்சி தரும் ஃபெலோஷிப் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கட்டாயம் இல்லாத ஒரு வருஷத்தை நான் ஏன் எடுத்துக்கொண்டேன், அதில் எதைக் கற்றேன், எங்கே தவறினேன் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. யோசித்துக்கொண்டிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது போனில் கேட்கிறார்கள்.

2018 குளிர்காலம். பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி, வயது 80-ஐத் தாண்டியவர், சாயங்காலம் அவசரப் பிரிவுக்கு வந்தார். எலும்பு டாக்டர் மறுநாள் காலையில்தான் வருவார். ராத்திரி முழுக்க வலிக்கு மார்ஃபின். கொஞ்சம் கொடுத்தால் வலி அடங்கவில்லை, கூடக் கொடுத்தால் மூச்சு மெதுவாகிறது. பெட்பேன் வைக்க அவரைத் திருப்பும்போது போட்ட சத்தம் காரிடாரின் கடைசி வரை கேட்டது. விடியற்காலையில் நான் போய்ப் பார்த்தபோது, மகளை அடையாளம் தெரியாமல், என்றோ இறந்துபோன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் வரை தனியாக வீடு நடத்திய மனுஷி. வலி, தூக்கமின்மை, மார்ஃபின் எல்லாம் சேர்ந்து வயதானவர்களுக்கு வரும் இந்தக் குழப்பம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த மகள் கேட்ட கேள்வி புதிது: "வலிக்கு வேறு வழியே இல்லையா?"

வழி இருந்தது. அதற்கு ஃபேசியா இலியாகா பிளாக் என்று பெயர். தொடையின் மேற்பகுதியில் ஒரு மெல்லிய உறைக்கு அடியில் மரத்துப்போகும் மருந்தைப் பரப்பிவிட்டால், இடுப்பெலும்பு வலியின் பெரும்பகுதி அரை மணி நேரத்தில் அடங்கும். எனக்கு அது தெரியும். படிக்கும்போது சில முறை செய்துமிருக்கிறேன், பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க. ராத்திரி 11 மணிக்கு, தனியாக, ரத்தம் கட்டாமலிருக்க மருந்து சாப்பிடும் ஒரு மெலிந்த பாட்டிக்கு அதைச் செய்யும் தைரியம் அன்று எனக்கு இல்லை. இல்லாதது நல்லதுதான். ஆனால் தைரியம் வருமளவு கற்றுக்கொள்ளாமல் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேனே என்பதுதான் அன்றைக்கு உறுத்தியது.

இங்கே சி.ஆர்.என்.ஏ.க்களுக்கான ஃபெலோஷிப்கள் சில வகை உண்டு. அறுவை சிகிச்சை சார்ந்த வலிக்கு ஒன்று, நாள்பட்ட வலிக்கு ஒன்று. குழந்தைகளுக்கான மயக்கம், பிரசவகால மயக்கம் போன்றவற்றுக்கும் சில இடங்களில் உண்டு. டென்னசியில் உள்ள மிடில் டென்னசி ஸ்கூல் ஆஃப் அனஸ்தீசியாவில் அறுவை வலிக்கும், டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் நாள்பட்ட வலிக்கும் ஃபெலோஷிப் நடக்கின்றன. நர்ஸ் மயக்கவியல் பள்ளிகளை அங்கீகரிக்கும் சி.ஓ.ஏ. என்ற அமைப்பே ஃபெலோஷிப்களுக்கும் அங்கீகாரம் தருகிறது. சேருவதற்கு முன் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வார இறுதி இரண்டு நாள் பட்டறை நடத்திவிட்டு பெரிய பெயர் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பட்டறை மோசம் என்று சொல்லவில்லை, நானும் போயிருக்கிறேன். அது வேறு, இது வேறு.

எதைத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் போக நினைத்தது நாள்பட்ட வலிப் பக்கம். அதற்குத் தனியாக ஒரு சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது, 2015-ல் தொடங்கியது, பெயருக்குப் பின்னால் ஐந்து எழுத்து கூடும். உண்மையைச் சொன்னால் அந்த எழுத்துகள்தான் இழுத்தன. அப்போது எங்கள் குழுவிலேயே மூத்தவர், 30 வருஷ அனுபவம் உள்ளவர், ஒரு நோட்டைக் கொடுத்தார். "போன ஆறு மாசக் கேஸ்களை இதில் எழுது. எந்த நோயாளிக்கு நாம் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறதோ, அங்கே ஒரு கோடு போடு" என்றார். பழைய ஆபரேஷன் தியேட்டர் பட்டியலை எடுத்துவைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். கோடுகள் எல்லாம் இடுப்பு முறிவு, முழங்கால் மாற்று, தோள்பட்டை, விலா எலும்பு முறிவு என்ற நான்கு இடங்களிலேயே விழுந்தன. முதுகுவலி ஊசிக்கு எங்கள் ஊர்க்காரர்கள் நகரத்துக்குப் போய் வசதியாகவே பார்த்துக்கொள்கிறார்கள். எனவே அறுவை வலி ஃபெலோஷிப் என்று முடிவானது. இன்று யார் கேட்டாலும் இந்த நோட்டு வேலையைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன்.

நாள்பட்ட வலிப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபெலோஷிப் உங்கள் கையைத் தேற்றும், உரிமத்தை அகலமாக்காது. எதைச் செய்யலாம் என்பதை மாநிலச் சட்டம் சொல்கிறது. லூசியானாவில் 2008-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊசி மூலம் நாள்பட்ட வலிக்குச் செய்யும் சிகிச்சை டாக்டர்களின் தொழில், நர்ஸ்களின் எல்லைக்குள் வராது என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் அயோவாவில் 2013-ல் மாநில உச்ச நீதிமன்றம், உயர்படிப்பு படித்த நர்ஸ்கள் எக்ஸ்ரே திரையை மேற்பார்வையிடலாம் என்ற விதியைச் செல்லும் என்றது. மெடிகேர் என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் வரும் நோயாளிகளுக்கு சி.ஆர்.என்.ஏ. மயக்கம் கொடுக்கும்போது டாக்டர் மேற்பார்வை வேண்டும் என்ற மத்திய விதியிலிருந்து முதலில் விலகிய மாநிலமும் அயோவாதான், 2001-ல். ஒரே படிப்பு, ஒரே கை. ஆனால் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் கதை மாறிவிடும்.

அந்த எல்லைக்கோட்டில் நானே இடறினேன். என் ஃபெலோஷிப்பில் பாடங்கள் ஆன்லைனில், செய்முறை வகுப்புகள் சில வார இறுதிகளில் நேரில், கிளினிக்கல் பயிற்சி ஒரு வழிகாட்டியின் கீழ். 12 மாதம். வழிகாட்டி இருந்த மருத்துவமனை பக்கத்து மாநிலத்தில். என் ஆர்.என்., அதாவது சாதாரண நர்ஸ் உரிமம் பல மாநிலங்களில் செல்லும் வகை, அதனால் பிரச்சினை இல்லை என்று மனதில் போட்டுக்கொண்டேன். சி.ஆர்.என்.ஏ. உரிமத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. புதிதாக விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, பழைய பள்ளியிலிருந்து சான்று வரவழைத்து, அப்புறம் அந்த மருத்துவமனையின் தனிச் சோதனைகள். ஏறக்குறைய மூன்று மாதம் போயிற்று. அத்தனை நாளும் பாடம் படித்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். ஃபெலோஷிப்பில் இடம் கிடைத்த கடிதம் கையில் வந்த அன்றே உரிம வேலையைத் தொடங்கிவிடுங்கள். வேலை விசாவில் இருப்பவர்கள், தங்களை அழைத்துவந்த மருத்துவமனை அல்லாத இடத்தில் பயிற்சி செய்யலாமா என்பதை அதற்கும் முன்னால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

முதல் செய்முறை வகுப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷின், ஒரு பன்றி இறைச்சித் துண்டு, அதற்குள் நரம்பு மாதிரி ஒரு தசைநார் செருகியிருக்கும். ஊசியால் அந்த நாரின் பக்கத்தில் போய், தொடாமல், சுற்றிலும் உப்பு நீரைப் பரப்ப வேண்டும். கேட்க எளிது. வலது கை ஊசி, இடது கை ப்ரோப் (மேலே வைத்து உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும் கருவி), கண் திரையில். ஊசி வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் தெரிகிற கோடு ஊசியின் உடம்பு. நுனி எங்கே? ப்ரோப் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும், நீங்கள் நுனி என்று நம்புவது ஊசியின் நடுப்பகுதியாக இருக்கும், உண்மையான நுனி இன்னும் ஆழத்தில் எதையோ குத்திக்கொண்டிருக்கும். எனக்கு வகுப்பெடுத்தவர் என் பின்னால் நின்று, கையில் இருந்த சிரிஞ்சை வாங்கி வைத்துவிட்டார். அரை மணி நேரம் மருந்தே கிடையாது. நுனியைக் கண்டுபிடி, தொலை, மறுபடி கண்டுபிடி. இதே வேலை.

அங்கே பிடித்துக்கொண்ட பழக்கம் மூன்று. நுனி மறைந்தால் ஊசியை நகர்த்தக்கூடாது, ப்ரோப்பைத்தான் நகர்த்த வேண்டும். நம் கை இயல்பாக இதற்கு நேர் எதிராகச் செய்யும். அடுத்து, ஒரு மில்லி உப்பு நீர் விட்டுப் பார்த்து, திரையில் கருப்பாக விரிவது எதிர்பார்த்த இடத்தில்தானா என்று உறுதி செய்த பிறகே மருந்து. விட்ட நீர் எங்கேயும் விரியவில்லை என்றால், நுனி ரத்தக்குழாய்க்குள் இருக்கலாம். அப்புறம், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே சிரிஞ்சைப் பின்னிழுத்துப் பார்த்து, நோயாளியோடு பேசிக்கொண்டே செலுத்த வேண்டும். வாயில் இரும்புச் சுவை, உதடு மரப்பு, காதில் ரீங்காரம் என்று அவர் சொன்னால் கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மரக்கும் மருந்து ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும், இதயம் தடுமாறும். அதை முறிக்கும் மருந்து 20 சதவீதக் கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மில்லி. எங்கள் பிளாக் வண்டியில் அந்தப் பை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பது இன்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். மெஷினை வாங்குவதற்கு முன்பே நான் வாங்கிவைக்கச் சொன்ன பொருள் அதுதான்.

ஒரு கணக்கையும் ஒவ்வொரு முறையும் எழுதிப் பார்ப்பேன். நோயாளியின் எடை 48 கிலோ. மரக்கவைக்கும் மருந்தான பூபிவகைன் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று வைத்தால் உச்சம் 120. 0.25 சதவீதக் கரைசலில் மில்லிக்கு 2.5 மில்லிகிராம், ஆக 48 மில்லிதான் எல்லை. அதுவும் மொத்த எல்லை. அறுவை டாக்டர் கடைசியில் காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் இந்தக் கணக்கில்தான் சேரும். பல நேரம் அவர் போடப்போவது நமக்குத் தெரியாது, நாம் போட்டது அவருக்குத் தெரியாது. இப்போது எங்கள் தியேட்டர் வெள்ளைப் பலகையில் மீதி அளவை எழுதிவைக்கிறோம்.

ஃபெலோஷிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம், பிளாக் போடாமல் இருப்பது. தோள்பட்டை ஆபரேஷனுக்கு ஒருவர் வந்தார், 40 வருஷம் சிகரெட் பிடித்த நுரையீரல், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர். தோளுக்கு வழக்கமாகப் போடும் இன்டர்ஸ்கேலீன் பிளாக் அன்று என் கைக்கு நன்றாகப் பழகியிருந்தது. போட ஆசை. வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பக்க உதரவிதானம் நாளைக்குக் காலை வரை வேலை செய்யாது. அவரால் தாங்க முடியுமா?" வழக்கமான அளவில் அந்த பிளாக் போட்டால் அந்தப் பக்க உதரவிதானம் அநேகமாக எல்லோருக்குமே செயலிழக்கும். ஆரோக்கியமானவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இவர் மூச்சுக்குத் தவித்திருப்பார். தோள் மூட்டுக்குப் போகும் நரம்பைப் பின்பக்கமாக, குறைந்த அளவில் மரக்கவைத்து அன்று சமாளித்தோம். பாடப்புத்தகத்தில் நான் இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். கை பழகிய பிறகு, ஊசியைக் கீழே வைப்பதற்குப் பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஒருவருக்காகத்தான் ஃபெலோஷிப் என்று இப்போது நினைக்கிறேன். வீடியோ பார்த்து ஊசி போடக் கற்றுக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்ல அதில் யாரும் இல்லை.

நடுவில் 2020 மார்ச் வந்தது. அவசரமில்லாத ஆபரேஷன்கள் எல்லாம் நின்றன. முழங்காலும் தோளும் இல்லாமல் எனக்குக் கேஸ் ஏது? சொந்த மருத்துவமனையில் மூச்சுக்குழாய் செருகும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். ஃபெலோஷிப் நீண்டுகொண்டே போய் அந்த வருஷக் கடைசியில்தான் முடிந்தது. பையனுக்கு அப்போது ஏழு வயது. கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால் தாங்கினோம். செலவில் கட்டணத்தைவிட, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் பயணமும் தங்குமிடமும்தான் கூடுதலாக இழுத்தன. வீட்டில் உட்கார்ந்து பட்ஜெட் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள். முடித்ததும் சம்பளம் ஏறும் என்று யாராவது சொல்லியிருந்தால், என் விஷயத்தில் ஏறவில்லை.

திரும்பி வந்து பிளாக் சேவையைத் தொடங்கினோம். மருத்துவமனை அனுமதிக் குழுவிடம் என் கேஸ் பதிவேட்டை, எந்த பிளாக் எத்தனை, எத்தனை என் கையால், எதில் சிக்கல் என்று பிரித்துக் காட்டியதால் அனுமதி சீக்கிரம் கிடைத்தது. தொழில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதிச் சொன்னேன். மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. முழங்கால் மாற்றிய ஆட்கள் சாயங்காலமே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான்காவது மாதம் ஒருவர் விழுந்தார்.

முழங்கால் மாற்று ஆபரேஷன், அடக்டர் கனால் பிளாக் போட்டிருந்தேன். தொடை நடுவில், படகு வடிவத் தசைக்குக் கீழே, ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் போகும் நரம்பை மரக்கவைக்கும் முறை. பழைய தொடை நரம்பு பிளாக் போல இது கால் பலத்தைப் பெரிதாகப் பறிப்பதில்லை என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுப்பது. ராத்திரி 9 மணிக்கு அவர் யாரையும் கூப்பிடாமல் கட்டிலிலிருந்து இறங்கிப் பாத்ரூமுக்கு நடந்திருக்கிறார். இரண்டாவது அடியில் முழங்கால் மடிந்து விழுந்தார். தையல் பிரியவில்லை, எலும்பு முறியவில்லை. தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஓடிப்போனபோது அவர் சொன்னது: "வலியே இல்லையே, அதான் எழுந்தேன்."

அன்று ராத்திரி சேமித்துவைத்திருந்த அல்ட்ராசவுண்ட் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஊசி சரியான இடத்தைவிடக் கொஞ்சம் மேலே போயிருக்கிறது, மருந்தும் தேவைக்குக் கூடுதல். மேல்நோக்கிப் பரவி, தொடைத் தசைக்கான கிளைகளையும் தொட்டிருக்கும். அது என் தவறு. இன்னொரு தவறு அதைவிடப் பெரிது. வார்டில் அன்று ராத்திரிப் பணியில் இருந்த நர்ஸுக்கு, அவருக்கு பிளாக் போட்டிருக்கிறது என்பதே தெரியாது. கம்ப்யூட்டர் பதிவில் மூன்றாவது திரையில் எங்கேயோ இருந்தது. ரெகவரி வரை நான் சொல்லிவிட்டேன், ரெகவரியிலிருந்து வார்டுக்குப் போன பேச்சில் அது விழுந்துபோயிற்று. நானே வார்டு நர்ஸாக இருந்தவள். மேலே இருந்து இறங்கிவரும் நோயாளியைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாததா?

நடந்ததை அப்படியே எழுதிப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுத்தேன், அவருடைய மனைவியிடமும் நானே போய்ச் சொன்னேன். அப்புறம் இரண்டு வாரம், ராத்திரி 7 மணிப் பணி மாறும் நேரத்தில் வார்டுக்குப் போய் நின்று, பத்துப் பத்து நிமிஷமாக எல்லா நர்ஸ்களுக்கும் காட்டினேன். எந்த பிளாக்கில் எது மரக்கும், எத்தனை மணி நேரம். நடக்கவிடுவதற்கு முன்னால் மடக்காமல் காலைத் தூக்கச் சொல்லுங்கள், தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்றால் கட்டிலைவிட்டு இறக்காதீர்கள். தூக்க முடிந்தாலும் பக்கத்தில் ஆள் இல்லாமல் வேண்டாம். பிளாக் போட்ட கால்பக்கத்துக் கையில் மஞ்சள் பட்டை, அதில் போட்ட நேரம். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை: "வலி இல்லை என்றாலும் கால் தாங்காது, மணியை அழுத்துங்கள்." இந்த அட்டை யோசனை ஒரு வார்டு நர்ஸுடையது. ஃபெலோஷிப்பில் இதற்கெல்லாம் ஒரு பாடம் இருந்தது, ஒரு சேவையை எப்படித் தொடங்குவது என்று. ஊசி இல்லாத பாடம் என்று வேகமாகப் புரட்டிவிட்டேன். சேருகிறவர்கள் அந்தப் பாடத்தை முதலில் படியுங்கள்.

பிள்ளைகள் போனில் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது சில உண்டு. அந்த ஃபெலோஷிப்பில் பிளாக்குகளை உன் கையால் போடுவாயா, பார்ப்பாயா? எத்தனை என்று எழுத்தில் தருவார்களா? வழிகாட்டி ஒரே அறையில் இருப்பாரா, போனில் கிடைப்பவரா? ஏற்கெனவே முடித்த இரண்டு பேரிடம் பேசிவிட்டாயா? திரும்பி வரும் மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் மெஷின் இருக்கிறதா, அல்லது வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்களா? கடைசிக் கேள்வியில்தான் பலர் தயங்குகிறார்கள். கற்றுக்கொண்டு வந்து ஆறு மாதம் ஊசியைத் தொடாமல் இருந்தால் கை மறந்துவிடும். எப்போது சேரலாம் என்றால், படிப்பு முடிந்த உடனே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூன்று வருஷம் தனியாக ராத்திரிப் பணி பார்த்து, எங்கே இடறுகிறோம் என்று தெரிந்த பிறகு போனால், கேட்க வேண்டிய கேள்விகள் கையில் இருக்கும். குழந்தைகள் மயக்கவியல் போன்றவற்றுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், அந்தப் பக்கம் போனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஃபெலோஷிப் முடித்த சி.ஆர்.என்.ஏ.வும், ரெசிடென்சி முடித்து அதற்கு மேல் ஒரு வருஷ ஃபெலோஷிப் முடித்த மயக்கவியல் டாக்டரும் ஒன்றில்லை. பயிற்சியின் நீளம் வேறு. சிக்கலான கேஸை நகரத்து மருத்துவமனைக்கு அனுப்ப நான் ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை. அங்கே உள்ள வலி டாக்டர் ஒருவர் தன் நேரடி எண்ணை எனக்குக் கொடுத்திருக்கிறார், நடு ராத்திரியிலும் எடுப்பார்.

போன ஜனவரியில் மறுபடி பனி, மறுபடி ஒரு பாட்டி, மறுபடி இடுப்பெலும்பு. அவசரப் பிரிவு நர்ஸ் இப்போதெல்லாம் எக்ஸ்ரே வந்த கையோடு என்னைக் கூப்பிட்டுவிடுகிறார். போகும்போதே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கேட்டுக்கொண்டேன். எந்தக் கால் என்று பாட்டியையே கைகாட்டச் சொல்லி, எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு, ஊசி குத்துவதற்குச் சரியாக முன்னால் நர்ஸும் நானும் இன்னொரு முறை வாய்விட்டுச் சொன்னோம். ப்ரோப்பை வைத்ததும் இரண்டு தசைகள் நடுவில் சேர்ந்து, ரிப்பன் முடிச்சுப் போலத் திரையில் வந்து நின்றன. நுனி தெரிந்தது. உப்பு நீர் உறைக்கு அடியில் கருப்பாக விரிந்தது. மருந்தைச் செலுத்தச் செலுத்தப் பாட்டி தன் பூனைக்கு யார் சாப்பாடு வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு கொடுத்தேன். நாற்பது நிமிஷம் கழித்துப் படுக்கை விரிப்பை மாற்ற அவரைத் திருப்பினோம். முகத்தைச் சுளித்தார், சத்தம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் போன் நம்பரை மனப்பாடமாகச் சொன்னார், பூனைக்காக. ஒரு எண்கூடத் தப்பவில்லை.